14 சென்டிமீட்டர் குதிரைக்குத் தாய்ப்பத்திரம் எங்கே?

கிரேக்க வெண்கலக் குதிரை ஒன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டு, கொரிந்துப் பாணி, உயரம் 14 செ.மீ. 2018 மே 14 அன்று நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் இதை ஏலம் விட இருந்தது. மதிப்பீடு ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் டாலர். மே 11, வெள்ளிக்கிழமை, கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் கடிதம் வந்தது. இந்தக் குதிரை சட்டப்படி நாட்டை விட்டு வெளியேறியதற்கு எங்கள் ஆவணங்களில் எந்தப் பதிவும் இல்லை, ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றது கடிதம். குதிரையை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதன் உடைமை வரலாறாகச் சொல்லப்பட்டது மூன்றே வரி. 1967 மே 6, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மியூன்சன் உண்ட் மெடாய்லன் நிறுவன ஏலம். பிறகு லண்டன் வணிகர் ராபின் சைம்ஸ். அவரிடமிருந்து 1973 நவம்பர் 16 அன்று வாங்கிய நியூயார்க்கின் பார்னெட் தம்பதி.

படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும் வக்கீல் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார். இந்தக் குதிரைக்கு அதுதான் இல்லை. மண்ணிலிருந்து வெளியே வந்த நாளுக்கும் பாசெல் ஏலத்துக்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை.

ஒவ்வொரு வரியும் எதை நிரூபிக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏலப் பட்டியல் நிரூபிப்பது ஒன்றே ஒன்று: அந்தத் தேதிக்கு முன்பே பொருள் மண்ணை விட்டு வெளியேறி விற்பனைக்கு வந்துவிட்டது. விற்கக் கொடுத்தவர் யார் என்பதை ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. யார் தோண்டினார், எந்த எல்லையைத் தாண்டி வந்தது என்பதும் அதில் இருக்காது. அடுத்து சைம்ஸ். அவர் பாசெல் ஏலத்திலேயே வாங்கினாரா, நடுவில் வேறு கை உண்டா என்று வரி சொல்லவில்லை. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பல, உடைமை வரலாற்றை எழுதும்போது ஒருவரிடமிருந்து நேராக அடுத்தவருக்குப் போனால் அரைப்புள்ளியும், நடுவில் இடைவெளி இருந்தாலோ உறுதி இல்லாவிட்டாலோ முற்றுப்புள்ளியும் இடுகின்றன. அந்த முறையில் எழுதினால் பாசெலுக்குப் பின் முற்றுப்புள்ளிதான். இப்படிப்பட்ட வரிகளைப் படிக்கிறவர்கள் பெயரைவிட நிறுத்தக்குறியைக் கவனிப்பது நல்லது.

சைம்ஸ் என்ற பெயரே எச்சரிக்கை மணி. நீதிமன்ற அவமதிப்புக்காக 2005இல் சிறை சென்றவர். ஜெனீவாவில் அவர் வைத்திருந்த 45 பெட்டித் தொல்பொருட்களை இத்தாலி 2016இல் மீட்டது. 2006இல் கிரேக்கத்தின் ஸ்கினூசா தீவில் நடந்த சோதனையில் அவர் வியாபாரத்தின் புகைப்படத் தொகுப்பு சிக்கியது. இந்தக் குதிரையை அதில் அடையாளம் கண்டவர் தொல்லியலாளர் கிறிஸ்டோஸ் சிரோயானிஸ். மெழுகு வார்ப்பில் அச்சு உடைக்கப்படுவதால் இரண்டு குதிரைகள் ஒன்றுபோல் இருக்காது. வார்ப்புக் குழிகள், உடைசல், பச்சைக் களிம்பின் திட்டுகள் ஆகியவற்றை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படம் எவ்வளவு தூரம் பேசும்? தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சியகம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. சிலை பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்துவிட்டதாகக் காகிதங்கள் காட்டின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள் அதைக் கோயிலுக்குள் காட்டின. காகிதம் தோற்றது, சிலை 2014இல் திரும்பியது. அது இருந்த இடத்தைக் காட்டும் படம். சைம்ஸ் தொகுப்பில் உள்ளதோ வணிகர் கையில் இருந்ததைக் காட்டும் படம். சந்தேகத்தை வலுவாக்கும், தோண்டிய குழியைக் காட்டாது. பாணியும் போதாது. கொரிந்துப் பட்டறைக் குதிரைகள் நேர்த்திக்கடனாகப் பல ஊர்க் கோயில்களுக்குப் போயின. கிரேக்கப் பொருட்கள் அதே நூற்றாண்டில் தென் இத்தாலிக்கும் போயின. செய்த ஊரும் கிடைத்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பம் 1970. பண்பாட்டுப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை அந்த ஆண்டில் வந்ததால், அதற்கு முன் சந்தையில் இருந்ததைக் காட்டிவிட்டால் பொருள் சுத்தம் என்ற எண்ணம் வணிகத்தில் வேரூன்றிவிட்டது. 1967 பட்டியலுக்கு மதிப்புக் கூடுவது இதனால்தான். ஆனால் 1970 அருங்காட்சியகங்கள் கொள்முதலுக்கு வைத்துக்கொண்ட ஓர் எல்லைக்கோடு, அவ்வளவே. அது யாருக்கும் உரிமையைத் தராது. கிரேக்கத்தின் 5351/1932 சட்டப்படி அந்நாட்டு மண்ணில் கிடைக்கும் தொல்பொருட்கள் அரசின் சொத்து. 1932க்குப் பின் தோண்டப்பட்டு அனுமதியின்றி வெளியேறியிருந்தால், 1967இல் விற்றது எந்தக் கறையையும் கழுவாது.

எந்த ஊரில் வழக்கு என்பதும் முடிவை மாற்றும். சுவிஸ் சட்டத்தில் நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடமிருந்து திருட்டுப் பொருளைத் திரும்பக் கேட்க அப்போது 5 ஆண்டுதான் அவகாசம். பண்பாட்டுப் பொருட்களுக்கு அது 30 ஆண்டானது 2005இல். நியூயார்க்கில் திருடனிடமிருந்து வந்த பொருளுக்கு, எத்தனை கை மாறினாலும் நல்ல உரிமை பிறக்காது. உரியவர் கேட்டு, வைத்திருப்பவர் மறுத்த பிறகுதான் 3 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கும்.

2018 ஜூன் 5 அன்று பார்னெட் குடும்பச் சொத்தை நிர்வகித்த அறக்கட்டளையும் சோதபீஸும் சேர்ந்து கிரேக்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தன. கிரேக்கத்துக்கு இதில் உரிமை இல்லை என்று அறிவிக்கக் கேட்டன. அடுத்த ஆண்டு மாவட்ட நீதிமன்றம் வழக்கை ஏற்றது. 2020 ஜூன் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தன் பாரம்பரியச் சொத்து என்று கருதுவதைக் கேட்டு ஓர் அரசு எழுதும் கடிதம் இறைமைச் செயல், வணிகச் செயல் அல்ல, ஆகவே அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. குதிரை யாருடையது என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை. விற்பவருக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. உரிமை பறிபோகவில்லை, நிரூபிக்கவும் வழியில்லை, ஒரு கடிதத்திலேயே விற்பனை நின்றுவிடுகிறது.

இப்படிச் சிறிய வெண்கலம் கையில் இருப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஏற்றுமதி அனுமதியும் அசல் ரசீதும். பீடத்தின் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் அளவுகோலோடு படமெடுங்கள், எடை குறியுங்கள். பழைய எண், ஒட்டுச்சீட்டு, பொருத்திய மேடை எதையும் கழற்றி எறியாதீர்கள். இடுக்கில் இருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவவே வேண்டாம். கிடைத்த இடத்தைச் சொல்லக்கூடிய சாட்சி சில சமயம் அது மட்டும்தான். திருடுபோன கலைப்பொருட்களின் பதிவேட்டில் தேடி 'இல்லை' என்று வாங்கும் சான்றிதழை நம்பி உட்காராதீர்கள். திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லை, பிறகு எப்படிப் பதிவேட்டில் இருக்கும்?