எனக்குக் காது கேக்கும் அண்ணாச்சி

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் தனியார் பேருந்தில், என் பக்கத்தில் வெள்ளைக் கோலோடு அமர்ந்திருந்தவரை விட்டுவிட்டு, நடத்துநர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணாச்சி, இந்தக் கண்ணு தெரியாதவரு எங்க எறங்கணும்?”

நான் அவருடன் வந்தவன் அல்லன்.

“முருகன்குறிச்சி. எனக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி” என்று அவரே அமைதியாகச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்தார். பத்து ரூபாய்த் தாளில் குறுக்கே ஒரு மடிப்பு, இருபது நான்காக மடித்தது, ஐம்பது நீளவாக்கில். விரல் பட்டதும் தெரிகிற கணக்கு. சரியான தாளை நீட்டினார்.

மீதிச் சில்லறையை நடத்துநர் என் கையில் கொடுத்தார்.

2010-இல் தமிழ்நாடு அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை விலக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றாக்கியது பெரிய காரியம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கியது.

ஆனாலும் ‘நொண்டிச் சாக்கு’, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று எவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறோம்! அதுவும், காது கேளாத பிள்ளைகளுக்கென்று 1897-லேயே பள்ளி கண்ட பாளையங்கோட்டையில், நூறாண்டுக்கு மேலாக அவர்களோடு ஒரே தெருவில் நடந்த ஊர்க்காரர்கள் நாம். இன்றும் ஒருவரிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்து இருக்கையிடம் கேட்பது எனக்கு வலிக்கிறது.

சில்லறையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவி எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எங்க எறங்கணும்?”