டிக்கட் வாங்கினால் போதாது, குத்தவும் வேண்டும்

ஹட்டனிலோ நானுஓயாவிலோ கோச்சியை விட்டு இறங்கினால், வாசலில் ஒருவர் நின்று டிக்கட்டைக் கேட்டு வாங்குவார். பஸ்ஸில் கண்டக்டர் நாம் இருக்கும் சீட்டுக்கே வந்துவிடுவார். இந்தப் பழக்கத்தோடு பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு, காசு கொடுத்து டிக்கட் எடுத்த பிறகும் தண்டம் கட்ட நேரிடுகிறது. எடுத்த டிக்கட்டை மெஷினில் குத்தாமல் ஏறிவிடுவதுதான் காரணம்.

பெர்லினை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கீழ் ரயிலுக்கும் எஸ்-பான் என்ற நகர ரயிலுக்கும் கேட் கிடையாது, நேரே மேடைக்குப் போகலாம். மெஷினில் எடுக்கும் கடதாசி டிக்கட்டில் பயணம் தொடங்கும் நேரம் இருக்காது. இன்றைக்கு எடுத்ததை நாளைக்கும் பாவிக்கலாம் என்பதால், பாவித்த நேரத்தைக் குறிக்க மேடையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ‘என்ட்வெர்டன்’ என்ற சொல் இருக்கும். பெறுமதியை நீக்குதல் என்று பொருள். டிக்கட்டை மடிக்காமல், அம்புக்குறி காட்டும் பக்கத்தைத் துவாரத்தில் செருகுங்கள். வெளியே எடுத்ததும் திகதியும் நேரமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம், ஒரே திசையில் மட்டும் டிக்கட் செல்லும். போன டிக்கட்டில் திரும்பி வர முடியாது. டிராமுக்குள் இருக்கும் மெஷினில் எடுத்தால் நேரம் அடித்தே வரும், அதைக் குத்தத் தேவையில்லை.

பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடுப்பில்தான் ஏறுவார்கள். குத்தாத டிக்கட்டை டிக்கட்டாகவே கணக்கெடுக்க மாட்டார்கள். தண்டம் 60 யூரோ. ஊருக்குப் புதிது என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

இத்தாலியில் வேகக் கோச்சிக்கும் உள்ளூர்க் கோச்சிக்கும் விதி வேறு. இருக்கை இலக்கம் போட்ட வேக ரயில் டிக்கட்டைக் குத்த வேண்டியதில்லை. இருக்கை இலக்கம் இல்லாத பிராந்திய ரயிலின் கடதாசி டிக்கட்டை, ஏறுவதற்கு முன் ஸ்டேசனிலேயே குத்தவேண்டும். மெஷின் பழுதென்றால் ஸ்டேசன் பெயர், திகதி, நேரம் மூன்றையும் பேனையால் டிக்கட்டில் எழுதிக்கொண்டு, ரயில் ஊழியரை நீங்களே தேடிப்போய்ச் சொல்லுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் உங்கள் பேச்சு எடுபடாது. போனில் எடுத்த பிராந்திய டிக்கட்டுக்கும் ரயில் புறப்பட முன் ‘செக்-இன்’ அழுத்தவேண்டும்.

சுவிஸில் போன் டிக்கட்டை வண்டி நகர முன் வாங்கி முடிக்கவேண்டும், ஏறி உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கக் கூடாது. லண்டன் பஸ்ஸில் 2014இலிருந்து காசு எடுப்பதில்லை. காசுக்குப் பதிலாகப் பாவிக்கும் அட்டையை ஏறும்போது மட்டும் மெஷினில் தொடவேண்டும், நிலக்கீழ் ரயிலில் இறங்கி வெளியேறும்போதும் தொடவேண்டும். லக்சம்பேர்க்கில் 2020இலிருந்து இரண்டாம் வகுப்பு எல்லாருக்கும் இலவசம்.

பாரிஸ் மெட்ரோவில் கேட் உண்டு என்பதால் குத்த மறக்க வழியில்லை. அங்கே வரும் சிக்கல் வேறு. டிக்கட்டுகளை ஏற்றிப் பாவிக்கும் நவிகோ ஈசி அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும்; ஒரே அட்டையில் கணவனும் மனைவியும் சேர்ந்து போக முடியாது. 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ டிக்கட்டும் பஸ் டிக்கட்டும் தனித்தனி. பாரிஸின் லா சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மாத்தளையில் பஞ்சரத பவனியன்று டவுனுக்குள் வாகனங்களைத் திருப்பிவிடுவதுபோல, அங்கேயும் அன்றைக்கு வீதிகளை மூடி பஸ்களைச் சுற்றிவிடுவார்கள். மெட்ரோ நிலத்துக்குக் கீழேயும் மேம்பாலத்திலும் ஓடுவதால் வீதி மூடுவது அதைப் பாதிக்காது. கார் டு நோர் ஸ்டேசனிலிருந்து லா சப்பல் மெட்ரோவுக்கு உள்ளேயே நடைபாதை இருக்கிறது, வெளியே வந்து கூட்டத்துக்குள் சிக்கத் தேவையில்லை. தேங்காய் உடைத்த வீதி நன்றாக வழுக்கும். வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போங்கள். களைத்துப்போய்த் தூரத்தில் ஒரு பஸ்ஸைப் பிடித்தால், வந்த மெட்ரோ டிக்கட் அதற்குச் செல்லாது. அட்டையில் இரண்டு பஸ் டிக்கட்டையும் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.