நாலடி ஆழத்தில் ஒரு பந்தல்

சாமி படம் மாட்டலாம் என்று ஆணியும் சுத்தியலுமாகப் போய் சுவரைத் தட்டிப் பார்த்தால், உள்ளே ஒன்றுமே இல்லாத சத்தம். கனடாவில், டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவில் கடன் போட்டு, பால் காய்ச்சிக் குடிவந்த சொந்த வீடு. அதன் சுவர் உள்ளே கூடு என்று தெரிந்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. கும்பகோணத்து வீட்டில் சுவர் ஒன்றரை அடி கனம். ஆணி அடித்தால் சுத்தியல் துள்ளித் திரும்பும், காரை உதிரும், கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்பா "பார்த்துடா, பார்த்து" என்பார்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வந்து விளக்கினார். "தம்பி, உது அரை அங்குல ஜிப்சம் பலகை. அதுக்குப் பின்னால 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிக்கும். சட்டத்தில அடிச்சாப் பாரம் தாங்கும். மற்ற இடத்தில அடிச்சா ஆணி கையோட வந்திடும்." சின்னக் காந்தம் ஒன்றைச் சுவரில் மெல்ல நகர்த்தினார். பலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகாணி வந்த இடத்தில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. அங்கே முருகன் ஏறினார். என் மகள் அன்று முழுக்கக் காந்தத்தை வைத்துக்கொண்டு வீட்டின் எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சுவரில் அந்தச் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள். வெளியே தெரியும் செங்கல் ஒற்றை வரிசைதான், வீட்டைத் தாங்குவது மரம். மைனஸ் இருபது அடித்த ஜனவரி இரவில் உள்ளே சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது பஞ்சின் அருமை புரிந்தது. சுவரோடு எனக்கிருந்த பிணக்கு அன்றோடு தீர்ந்தது.

பந்தல்தான் பெரிய கதை.

பின்கட்டில் அவரையும் புடலையும் படர ஒரு பந்தல் வேண்டும் என்பது வீடு பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்தே என் ஆசை. ஊரில் அதற்கு என்ன பெரிய ஏற்பாடு? தாத்தா கடப்பாரையால் நாலு குழி போடுவார், சவுக்குக் கம்பு நடுவார், குறுக்கே மூங்கில் வைத்துக் கயிற்றால் இறுக்குவார், காபி ஆறுவதற்குள் பந்தல் நிற்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடுவதால் கொடிக்குத் தனியாக யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. புடலை நேராக வளர நுனியில் கல் கட்டும் வேலை எனக்கு. எந்தக் கல் எந்தக் காய்க்கு என்பதில் அவ்வளவு யோசிப்பேன்.

இங்கே குழி வெட்டும் முன் அனுமதி கேட்பது போல ஒரு முறை இருக்கிறது. வேலிக்கம்பு நடுவதானாலும் 'ஒன்டாரியோ ஒன் கால்' என்ற அமைப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2012இல் இதற்கென்றே மாகாணச் சட்டம் வந்தது. காசு கிடையாது. ஆட்கள் வந்து மண்ணுக்கடியில் என்ன போகிறது என்று கருவியால் பார்த்து, புல்தரையில் கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், தொலைபேசிக்கு ஆரஞ்சு. கூடவே குட்டிக் குட்டிக் கொடிகள். மார்கழிக் காலையில் வாசல் பார்த்தது போல இருந்தது எனக்கு. நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்த மூலைக்கு நேர் கீழே மஞ்சள் கோடு ஓடியது. பந்தலைத் தள்ளி வைத்தேன். இது நல்ல முறை, ஊரிலும் வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

அடுத்தது ஆழம். "நாலடி கிண்டோணும் தம்பி," என்றார் பெரியவர். "இல்லாட்டிக் குளிருக்கு நிலம் தூணைத் தூக்கிப்போடும்." மண்ணில் இருக்கும் ஈரம் உறையும்போது விரிகிறது, மேலாகப் புதைத்த தூணை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. உறைபனி இறங்காத ஆழம் டொராண்டோவில் ஏறக்குறைய நாலடி. ஆடுகிற பந்தல் வேண்டாம், நிலையான பந்தலே வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால் நாலடியே வெட்டினோம். முதல் அடி வண்டல், அப்புறம் களிமண், நடுவில் உருண்டைக் கல். பெரியவர் மேலே நின்று சணல் கயிறு கட்டி நேர் பார்த்தார். அட்டைக் குழாய் இறக்கி கான்கிரீட் ஊற்றித் தூண் நிறுத்திய அன்று எனக்கு வந்த சந்தோஷம் வீட்டுச் சாவி வாங்கிய அன்றுகூட வரவில்லை. இனி நாம் இந்த ஊர்க்காரர்தான் என்று மனைவியிடம் சொன்னேன். சொன்ன கையோடு, கிணற்றடிப் பந்தலின் கீழே கயிற்றுக்கட்டிலில் மத்தியானம் தூங்கும் தாத்தாவும், அவர் மார்பில் அசையும் இலை நிழலும் கண்ணில் வந்து நின்றன. மேலே பேச வரவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பதெல்லாம் இங்கே நடக்காது. ஆடியில் விதைத்தால் காய்க்கும் முன் பனி வந்துவிடும். சித்திரையில் வீட்டுக்குள் ஜன்னலோரம் சின்னத் தொட்டிகளில் முளைக்க வைத்து, மே 25க்கு முந்தைய திங்களன்று வரும் 'விக்டோரியா நாள்' விடுமுறையை ஒட்டித்தான் மண்ணில் வைக்கிறோம். நம் கணக்கில் வைகாசி. அம்மாவிடம் சொன்னால், "வைகாசி வெயில்ல நாத்தா?" என்று ஒவ்வொரு வருடமும் அதே ஆச்சரியம்.

இந்த வருடம் அவரை பந்தலைத் தாண்டிப் பெரியவர் வேலிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்துக் காய் அவருக்கு என்று பேச்சு. புடலைக்கு மகள் கல் கட்டுகிறாள். ஒரு காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறோம். அக்டோபர் தொடங்கினால் எந்த இரவிலும் பனி விழலாம், அதற்குள் அது பழுக்க வேண்டும். அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்பது இப்போது என் உடம்பைப் பற்றி அல்ல, அந்தக் காயைப் பற்றித்தான்.