வலது பக்க சீட்

14 செப்டம்பர் 2024, சனி. சாண்ட்லர், அரிசோனா

புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப் பொடி, குட்டி ரைஸ் குக்கர், மாத்திரை டப்பா, அப்பாவின் மங்கி குல்லா. சாப்பாட்டுப் பைக்கு அடியில் நீல ஃபைல். வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

அப்பா இந்த வெயிலில் காருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தாயிற்று.

தம்பி மெசேஜ்: "அக்கா, சொல்லிட்டியா?"

15 செப்டம்பர். ஸ்பிரிங்டேல், யூட்டா

650 கிலோமீட்டருக்கு மேல். நான்தான் ஓட்டினேன், ஆனால் அப்பாவும் ஓட்டினார். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம். அப்பா உட்காருவது வலது பக்கம். பொள்ளாச்சி–வால்பாறை பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த அதே பக்கம். வளைவு வந்தால் வலது கால் தானாகவே மிதியடியை அமுக்குகிறது. ஃபிளாக்ஸ்டாஃப் ஏற்றத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடியது. "கியரே இல்லாத வண்டிய ஓட்டறதெல்லாம் ஓட்டறதா கண்ணு?"

அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது. அரிசோனாவில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் என்று சொல்லி வைத்திருந்தேன். யூட்டாவுக்குள் நுழைந்ததும் பதினொன்றரை என்றேன். "ரோட்டத் தாண்டினா நேரம் மாறுமா? யாரு ஏமாத்தறது?" கனாப் வரைக்கும் இதே பேச்சு.

சயான் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசலில் 80 டாலருக்கு வருடப் பாஸ் வாங்கினேன். வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒன்று போதும். 62 வயது தாண்டியவர்களுக்கு ஆயுள் பாஸ் உண்டு, அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அப்பாவிடம் இருப்பது ஆறு மாத முத்திரை. 28ஆம் தேதி ஃப்ளைட். "நான் புலிகள் காப்பகத்துக்குள்ள தினமும் ரெண்டு நடை போய்ட்டு வந்தேன், ஒருத்தனும் எங்கிட்ட பாஸ் கேக்கல."

சுரங்கப் பாதைக்கு முன்னால் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாறையின் மேலே ஏதோ அசைந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். "வரையாடு!" இது வேறு இனம், இங்கத்திய பெருங்கொம்பு ஆடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கதவைத் திறந்து இறங்கியே விட்டார். ஆழியாறு ஒன்பதாவது வளைவில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்கிறதாம்.

சுரங்கம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், 1930இல் முடித்தது. வெட்டிய கல்லை வெளியே தள்ளப் பாறையில் குடைந்த ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. இருட்டு, சட்டென்று ஒரு ஜன்னல் வெளிச்சம், மறுபடி இருட்டு. பெரிய வண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தை நிறுத்திவிட்டு நட்ட நடுவில் ஓட்ட விடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் அப்படி ஒன்று போனது. அப்பா அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஒரு ஆளுக்காக அத்தன பேரும் நிக்கறாங்க. மருவாதி."

16 செப்டம்பர்

பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பஸ்தான். டிக்கெட் இல்லை, கண்டக்டர் இல்லை. டிரைவர் ஒரு பாட்டி. அப்பா முதல் சீட்டைப் பிடித்து மூன்று முறை முழு ரவுண்டு போனார். மலையைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. இறங்கும்போது பாட்டிக்குக் கைகூப்பி வணக்கம் போட்டார், பாட்டியும் போட்டார்.

ராத்திரி பேசலாம் என்றிருந்தேன். எட்டரைக்கே தூங்கிவிட்டார்.

17 செப்டம்பர், செவ்வாய். பிரைஸ்

இன்று புரட்டாசி ஒன்று. பௌர்ணமி. சந்திர கிரகணமும். மூன்றும் இங்கே வந்து சேர வேண்டுமா?

பகல் முழுக்க நல்லபடியாகப் போனது. பள்ளத்தாக்கு விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ஆயிரக்கணக்கான சிவப்புத் தூண்கள், கோபுரத்தில் பொம்மை நெருக்கினாற்போல. பனி உருகிப் பாறை இடுக்கில் இறங்கும், ராத்திரி உறைந்து உப்பும், பாறையை விரிக்கும். ஆண்டில் பாதி நாள் இதே வேலைதானாம். பையூட் பழங்குடிக் கதையில் இவர்கள் எல்லாம் தப்பு செய்து கல்லாய்ப் போன மனிதர்கள். "அகலிகை," என்றார் அப்பா. "எத்தன அகலிகை!"

எபினேசர் பிரைஸ் என்ற தச்சர் இங்கே குடியிருந்திருக்கிறார், ஊருக்கே அவர் பெயர்தான். மாட்டைத் தொலைத்தால் தேடி மாளாத இடம் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அதைச் சொன்னதும் அப்பா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ராத்திரி எல்லாம் கெட்டது. எட்டேகாலுக்கு நிலாவின் மேல் ஓரத்தில் ஒரு சின்னக் கடி. அதற்குள் மாத்திரையைப் போட்டுவிட்டு, கிரகணம் விடாமல் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஊரில் இது தெரியவே தெரியாது, அங்கே விடிந்தாயிற்று என்கிறேன். "நாம எங்கிருக்கோமோ அங்கத்த நிலாதான் கணக்கு." கத்திவிட்டேன். மோட்டல் வாசலில், குளிரில், மங்கி குல்லாவோடு நிற்கிற மனுஷரிடம். ஒன்பதேகால் ஆனதும் வந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். கை லேசாக நடுங்கியது. "உங்கம்மா இருந்திருந்தா சோத்துல தர்ப்பையப் போட்டு வெச்சிருப்பா."

அப்புறம், தூங்கப் போகும்போது: "மாளய அமாவாசைக்கு நம்மூட்டுல இருக்கோணும் கண்ணு."

நம்மூட்டுல.

18 செப்டம்பர்

சிக்னல் இல்லை. நிம்மதி.

19 செப்டம்பர். மோவாப்

நேற்று எழுதியது போதாது. எஸ்கலான்டே தாண்டி ஹாக்பேக் என்று ஒரு இடம். மலை முதுகின் மேல் ரோடு, இரண்டு பக்கமும் பாதாளம், தடுப்புச் சுவர் கிடையாது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்பா பேச்சை நிறுத்தினார். மெதுவாக, பஸ்ஸில் புது ஆளுக்குச் சொல்கிற குரலில்: "கீழ பாக்காத. ரோட்டு நடுக்கோட்டப் பாரு. பிரேக்க மிதிச்சுட்டே இருக்காத, சூடாயிரும். கியர்ல விடு." கியர்தான் இல்லையே என்றேன். "ஏதோ ஒன்னு இருக்கும், தேடு." இருந்தது, எல் என்று. வாங்கி ஏழு வருஷம் ஆன கார், இதுவரை அதை நான் தொட்டதில்லை.

கேபிடல் ரீஃபில் மார்மன் மதத்துக் குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்களைப் பூங்காக்காரர்களே பராமரிக்கிறார்கள். உள்ளேயே பறித்துத் தின்றால் காசில்லை, எடுத்துப் போவதற்கு மட்டும் எடை போட்டுக் கட்ட வேண்டும். அப்பா நான்கு ஆப்பிள் தின்றார். சர்க்கரை பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று சிக்னல் வந்ததும் தம்பியின் ஏழு மிஸ்டு கால்.

20 செப்டம்பர்

ஆர்ச்சஸ் பூங்கா. உள்ளே போகவே நேரம் போட்டு முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. லேண்ட்ஸ்கேப் வளைவு மட்டும் பார்த்தோம், 306 அடி நீளம், ரிப்பன் மாதிரி. 1991இல் அதிலிருந்து ஒரு பெரிய துண்டு விழுந்தது, அப்போதிருந்து அடியில் போக விடுவதில்லை. "மிச்சம் எப்ப விழும்?" யாருக்குத் தெரியும். முட்டி வலி, திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இவ்வளவுதான் கனம் என்று எனக்குத் தெரியாது.

பேசவில்லை.

21 செப்டம்பர், சனி. கோர்டெஸ்

மெசா வெர்டே. ஏறுகிற ரோடு ஊர் மலை ரோடு போலவே வளைகிறது. அப்பா வளைவுகளை எண்ணி, பதினெட்டில் விட்டுவிட்டார்.

ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் என்கிற குடியிருப்பை எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். கல் விழுவதால் 2015 முதல் உள்ளே அனுமதி இல்லை. குகைக்குள் 130 அறைகள். அவ்வளவு அழகாகக் கட்டிய பழங்குடிகள் 1300க்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். நீண்ட பஞ்சம் ஒரு காரணம், வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார் ரேஞ்சர். அவர்கள் அழிந்துபோகவில்லை, பேரன் பேத்திகள் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் இருக்கிறார்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார். அப்பாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் குரல் வரவில்லை. இருமல் என்றேன்.

சோளம் அரைக்கிற கல் ஒன்று வைத்திருந்தார்கள். நடுவில் குழிந்து, கை பட்டுப் பட்டு வழவழத்து. அப்பா அதன் முன்னால் குனிந்து வெகுநேரம் நின்றார். தொடக் கூடாது என்று சொன்னேன். தொடவில்லை, உள்ளங்கையை மட்டும் அதற்கு மேலே காற்றில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்.

"வீட்டக் குடுத்துட்டா நம்ம அம்மிய எங்க கண்ணு வெக்கறது?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தம்பியா, நீல ஃபைலா. "இங்க கொண்டு வரலாம்ப்பா" என்றேன். ஃப்ளைட்டில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்டார். இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23. "குழவிய மட்டுமாவது."

மலை ரோட்டில் இறங்கும்போது அவர் கால் மிதியடி தேடி அசையவில்லை. தூங்கவும் இல்லை.

22 செப்டம்பர்

காலை ஆறு மணி. கிளம்ப வேண்டும். பின் டயரில் காற்று கம்மி என்கிறார், உதைத்துப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார். எனக்குத் தெரிந்து நன்றாகத்தான்