கறுப்புத் துணியில் வெள்ளைத் தீற்றல்

மஞ்சக்குப்பத்தில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. தேவனாம்பட்டினம் பக்கம் குடிவந்து போர் தண்ணீரை வாஷிங் மிஷினுக்கு விட ஆரம்பித்த இரண்டாவது மாதமே கறுப்புச் சுடிதாரில் வெள்ளை வெள்ளையாகத் தீற்றல், துண்டெல்லாம் அப்பளம் மாதிரி விறைப்பு, அதோடு மிஷின் கதவைத் திறந்தால் ஊசிப்போன வாடை. நுரையே வரவில்லையே என்று பவுடரை இரண்டு மடங்காக்கினேன், விறைப்புக்கு சாஃப்ட்னரும் ஊற்றினேன், வாடை இன்னும் கூடியது.

மெக்கானிக் தம்பி வந்ததும் மிஷினைக் கழற்றவில்லை. பவுடர் தட்டை முழுசாக உருவித் திருப்பிக் காட்டினார். அடியில் ஆறிய கஞ்சி ஆடை கட்டியதுபோல் வழவழவென்று ஒரு படிவு, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். "பூஞ்சைக்கா. நீங்க போடுற பவுடரும் சாஃப்ட்னரும்தான் இதுக்குச் சாப்பாடு. நுரையப் பாத்து அளவு வைக்காதீங்க" என்றார்.

உப்புத் தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் துணிக்கு ஆகாதது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும்தான். இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத அழுக்காகும், பவுடரில் இருக்கும் சலவை சோடாவோடு சேர்ந்தால் சுண்ணாம்புப் பொடியாக நூலிழையில் ஒட்டும். இவை இரண்டையும் வைத்துக் கணக்கிடுவதுதான் தண்ணீரின் கடினத்தன்மை. குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை என்கிறது இந்தியத் தரநிலை. டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் கூட்டித்தான் காட்டும், அதனால் கடினத்தன்மையைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். அது அதிகமாக இருந்தால் பவுடர் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டும், ஆனால் இரண்டு மடங்கு போட்டால் அலசலில் போகாது.

தீற்றல் எதனால் என்று கண்டுபிடிக்க ஈரக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கரைந்தால் அது மிச்சப் பவுடர். தேய்த்தும் போகாமல் எலுமிச்சைச் சாறு பட்டதும் போனால் சுண்ணாம்பு. எனக்கு இரண்டுமே இருந்தது. துவைத்த துண்டு ஒன்றை பவுடரே போடாமல் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன், கண்ணாடிக் கதவு நிறைய நுரை! அத்தனையும் துண்டுக்குள் தேங்கிக் கிடந்த பழைய பவுடர்.

இப்போது பவுடரை வெந்நீரில் கரைத்துத்தான் ஊற்றுகிறேன். துணிக்கு மேலே ஒரு கை நுழைகிற அளவு இடம் விடுகிறேன், திணித்தால் அலசுகிற தண்ணீர் உள்ளே போகாது. ஒரு அலசல் கூடுதல். சாஃப்ட்னரை நிறுத்திவிட்டேன். மெழுகு மாதிரி படிந்து துண்டின் ஈரம் உறிஞ்சும் குணத்தையே கெடுக்கிற அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

மாதம் ஒருமுறை காலி மிஷினில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு 60 டிகிரியில் ஓட்டுகிறேன். ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: இதோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. ப்ளீச் போடுவதென்றால் வேறொரு நாள், தனியாக.

அப்புறம் கதவு ரப்பரின் மடிப்பு. விரலில் துணியைச் சுற்றி உள்பக்கம் துடைத்தால் முடி, நூல், மணல் எல்லாம் வரும், கடற்கரைக்குப் போய்வந்த துணி என்றால் கேட்கவே வேண்டாம். கீழே இருக்கும் வடிகட்டியைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொட்டும். துவைத்து முடித்ததும் கதவையும் பவுடர் தட்டையும் திறந்தே வையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் ஒரு கண் வேண்டும்.

ஐப்பசி மழையில் துணி காய இரண்டு நாள் ஆகும், அப்போதுதான் எங்கள் துண்டுகளில் அந்த வாடை ஏறும். இந்த வருஷம் ஏறவில்லை.