பாலக்காட்டுக் கணவாயில் விமானங்களைக் கேட்டல்: ரிசீவர் செய்து பார்த்த அனுபவம்

பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தாம் எங்கே, எந்த உயரத்தில், என்ன வேகத்தில் செல்கின்றன என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் இந்த அறிவிப்பு எவ்வித மறைகுறியும் இன்றி வருவதால், தகுந்த ஆன்டெனாவும் ஒரு சிறு ரிசீவரும் இருந்தால் வீட்டிலிருந்தே அதைப் படிக்கலாம். நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே. கோவை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ., கொச்சி 80 கி.மீ., கரிப்பூர் (கோழிக்கோடு விமான நிலையம்) 105 கி.மீ. மூன்று விமான நிலையங்களுக்கு நடுவில் இருந்தாலும், வடமேற்கிலும் தெற்கிலும் மலைகள் சுவராக நிற்கும் இந்த இடத்திலிருந்து உண்மையில் எவ்வளவு தொலைவு கேட்க முடியும் என்பதே நான் விடை தேடிய கேள்வி.

ரிசீவராக நான் எடுத்துக்கொண்டது, டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட யுஎஸ்பி டாங்கிள். இதிலுள்ள ஆர்டிஎல்2832யு சில்லு, தான் பிடிக்கும் அலையைப் பண்படுத்தாமல் அப்படியே கணினிக்குக் கொடுக்க வல்லது என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தபின், விலையுயர்ந்த கருவிகள் செய்த வேலையை எளியவர்களும் செய்யத் தொடங்கினார்கள். ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போ இந்த டாங்கிளுக்காக எழுதிய டம்ப்1090 என்னும் நிரலின் வழிவந்த ஒன்றைத்தான் ராஸ்பெர்ரி பை கணினியில் நானும் ஓட்டுகிறேன். இதை நிறுவுவதில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. வழிகாட்டிகள் நிறையவே கிடைக்கின்றன.

ஆன்டெனாவை மட்டும் கடையில் வாங்காமல் கையால் செய்தேன். 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 27.5 செ.மீ.; அதில் கால் பங்கு 6.9 செ.மீ. வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் தடித்த செப்புக் கம்பியின் மேலுறையை உரித்து, பலகையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி நேராக்கி, 6.9 செ.மீ. நீளத்துக்கு ஐந்து துண்டுகள் வெட்டினேன். ஒன்று கனெக்டரின் நடு முனையில் செங்குத்தாக நிற்க, மற்ற நான்கும் அதன் நான்கு மூலைத் துளைகளில் பற்றவைக்கப்பட்டு 45 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். நீளத்தை, கம்பி கனெக்டரை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். ஈயம் குவிந்த இடத்திலிருந்து அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறிவிடும், இந்த அலைநீளத்தில் அது சிறிய வேறுபாடு அல்ல.

முதலில் இதை வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்தில் வைத்தபோது கோவையில் இறங்கும், ஏறும் விமானங்களும், தலைக்கு மேலே செல்பவையும் மட்டுமே தெரிந்தன. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே குழாய் நட்டு ஏற்றியவுடன் திரை நிறைந்துவிட்டது. டாங்கிளும் நிரலும் மாறவில்லை. மாறியது உயரமும், நாற்புறமும் கிடைத்த திறந்த வெளியும்தான். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் முதல் செலவைக் குழாய்க்கும் கேபிளுக்கும் செய்ய வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேபிளுக்குக் கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்ஜி6 ஒயரே போதுமானது. அதன் மின்மறுப்பு 75 ஓம், டாங்கிளுடையது 50 ஓம் என்பதால் பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது. உண்மையான இழப்பு நீளத்தில் இருக்கிறது. இந்த அலைவரிசையில் ஆர்ஜி6 ஒயரில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் குறைகிறது; அதாவது 15 மீட்டர் ஓடினாலே சிக்னலின் ஆற்றலில் பாதி போய்விடும். ஆகவே கணினியை மாடிப்படி அறைக்கே கொண்டுபோய், ஒயரை இயன்றவரை குறைத்தேன்.

அடுத்து வந்த தொல்லைக்குக் காரணம் அருகிலிருக்கும் செல்போன் கோபுரம். அது 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வலுவாக ஒலிபரப்புவதால் டாங்கிளின் முன்பகுதி திணறி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னல்கள் அமுங்கிப் போயின. கெயினை, அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை, உச்சமான 49.6 டெசிபெலிலிருந்து 40.2-க்குக் குறைத்ததும் செய்திகள் கூடின. பிறகு 1090-ஐ மட்டும் விடும் ஃபில்டரும் பெருக்கியும் சேர்ந்த சிறு பெட்டியை ஆன்டெனாவின் காலடியிலேயே பொருத்தியபோது, கணவாயின் வழியே கிழக்கிலும் மேற்கிலும் எல்லை வெகுவாக நீண்டது. பெருக்கியை ஒயரின் கீழ் முனையில் வைப்பதால் பயன் குறைவு. ஒயரில் சிக்னல் தேய்வதற்கு முன்பே அதைப் பெருக்கியாக வேண்டும்.

வரும் செய்தியைப் பிரித்துப் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு செய்திக்கு 112 பிட்கள். முன்னோட்டத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடும். முதல் ஐந்து பிட்கள் 10001, அதாவது 17 என்றிருந்தால் அது ஏடிஎஸ்-பி. அடுத்த மூன்று பிட்கள் கருவியின் திறனைச் சொல்லும். பின்வரும் 24 பிட்கள் விமானத்துக்கே உரிய எண். இந்தியப் பதிவு பெற்றதாயின் அது 100000 என்ற ஆறு பிட்களில் தொடங்கும். அதன்பின் 56 பிட்களில் செய்தி, கடைசி 24 பிட்களில் பிழை சரிபார்ப்பு. பறக்கும் விமானம் தன் இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்கிறது. பெயரை (விமானத்தின் அழைப்புக்குறியை) ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒரு முறைதான் சொல்கிறது. அதனால்தான் திரையில் முதலில் பெயரற்ற புள்ளி தோன்றி, சற்றுப் பொறுத்துப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, “மேக்க போறது துபாய்க்குங்களா தம்பி?” என்று கேட்டார். “பேரு மட்டுந்தான் வருமுங்க ஐயா, போற ஊரை அது சொல்றதில்லீங்க” என்றேன். புறப்பட்ட ஊரும் சேரும் ஊரும் இந்த அறிவிப்பில் இல்லை. செயலிகளில் நாம் காண்பவை அட்டவணைகளிலிருந்து பின்னால் சேர்க்கப்படுபவை. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானங்களின் இரைச்சல் காதில் விழுந்தாலும் அவற்றின் புள்ளி என் திரையில் வந்ததில்லை.

கேட்ட இடங்களையெல்லாம் வரைபடத்தில் குவித்துப் பார்த்தபோது கிடைத்த உருவம்தான் இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு. கிழக்கே கொங்குச் சமவெளியின் மேலும், மேற்கே அரபிக்கடலின் மேலும் எல்லை 300 கி.மீ.க்கு அப்பால் நீண்டது. தென்மேற்கிலும் வடமேற்கிலும் அது உள்ளே குழிந்தது. கணவாயையே யாரோ கோட்டால் வரைந்தாற்போல் இருந்தது.

கணக்கும் அதையே சொல்கிறது. தடையே இல்லாவிட்டால், 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 35,000 அடியில் பறக்கும் விமானம் ஏறத்தாழ 440 கி.மீ. வரை எட்டும். ஆனால் 30 கி.மீ. தொலைவில் நம் தரையைவிட 1,500 மீட்டர் உயர்ந்த மலை குறுக்கே நின்றால், அதே விமானம் சுமார் 180 கி.மீ.க்கு அப்பால் மறைந்துவிடும். 5,000 மீட்டர் உயரத்தில் பறப்பது 90 கி.மீ.யிலேயே மறையும். நெல்லியாம்பதி மலைகளுக்குப் பின்னால் கொச்சியும், கல்லடிக்கோட்டு மலைக்குப் பின்னால் கரிப்பூரும் இருப்பதால், அவ்விரண்டிலும் இறங்கும் விமானங்கள் 12,000 அடிக்கு அருகிலேயே திரையிலிருந்து போய்விடுகின்றன. கோவையில் இறங்குபவற்றை மட்டும் ஓடுதளத்துக்கு மேலே சில நூறு அடி வரை தொடர முடிகிறது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கணவாயின் வழியே மேற்குக் காற்று வேகமாக வீசும்போது அங்கிருந்து கிளம்புபவை தென்மேற்காக எங்கள் பக்கமே ஏறி வருவதால், அந்த மாதங்களில் மிகத் தாழ்ந்த உயரத்துச் செய்திகளும் நிறையக் கிடைக்கின்றன.

அந்த மழைதான் கனெக்டருக்கும் எதிரி. சாய்வாக அடிக்கும் சாரல் இணைப்பில் நுழைந்து செம்பைப் பச்சையாக்கி, எல்லையைச் சிறிது சிறிதாகச் சுருக்கியது. இப்போது தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, ஒயரை வளைத்துத் தொங்கவிட்டு, நீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும்படி செய்திருக்கிறேன்.

மலைகளை நகர்த்த முடியாது. ரிசீவரை மறுபக்கம் வைக்கலாம். ஒற்றப்பாலத்தில் மாமா வீட்டு மாடி இவ்விரு மலைகளுக்கும் மேற்கே, கொச்சியையும் கரிப்பூரையும் நோக்கித் திறந்திருக்கிறது. அங்கே நிறுவுவதற்காக இரண்டாவது ஆன்டெனாவுக்குக் கம்பி வெட்டியாகிவிட்டது. இரண்டு ரிசீவர்களின் செய்திகளையும் இணையம் வழியாக ஒரே திரையில் சேர்க்கும் அமைப்பை இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.