கிளாரினெட்டில் கிளிசாண்டோ: 11 வாரக் குறிப்புகள்

முதல் வாரம் முழுக்க என் உழைப்பெல்லாம் விரல்களுக்கே போனது. கிளிசாண்டோ என்றால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையில் படி தெரியாமல் வழுக்கிப் போவது. கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. வயலினில் விரலைக் கம்பியின் மேல் இழுத்தால் வந்துவிடும். கிளாரினெட்டில் கம்பி இல்லை, துளைகள்தான். துளைக்குத் துளை ஒரு படி. விரலைச் சட்டென்று தூக்காமல் மெல்ல விலக்கினால் படி மறைந்துவிடும் என்று நம்பி, தினமும் அரை மணி நேரம் அதையே செய்தேன். போனில் பதிவு செய்து கேட்டால் ஏழு சுரங்களும் தனித்தனியாக நின்றன. நடுநடுவே ஒரு கீச்சு.

என்னை இதில் இறக்கியது அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ'வின் தொடக்கம். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் முதன்முதலாக அரங்கேறிய படைப்பு. கெர்ஷ்வின் எழுதியது கீழே ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), அதிலிருந்து மேலே ஏறும் 17 சுரங்கள், அவ்வளவுதான். பால் வைட்மன் குழுவின் கிளாரினெட் கலைஞர் ராஸ் கோர்மன் ஒத்திகையில் விளையாட்டாக அதை இழுத்து வழுக்கி வாசிக்க, கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பத்து விநாடிகளை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மரக்குழாய் ஒன்று மனுஷக் குரல் மாதிரி எழுந்து போவது இன்றைக்கும் எனக்குச் சிலிர்ப்புத்தான்.

இரண்டாம் வாரம் ஒரு விஷயம் பிடிபட்டது. பெரும்பாலானவர்கள் கீழிருந்து வேகமான சுரவரிசையாகவே ஏறி, நடு டி (சி, டி, ஜி எல்லாம் மேற்கத்திய சுரப் பெயர்கள்) வந்த பிறகுதான் வழுக்க ஆரம்பிக்கிறார்கள். அது ஏன் டி? விரல் வைப்பை எழுதிப் பார்த்ததும் புரிந்தது. அந்த டி-யில் ரெஜிஸ்டர் கீயோடு (கீ என்பது விரலால் அமுக்கும் நெம்பு; இது சுரத்தை மேல் ரெஜிஸ்டருக்கு, அதாவது மேல் சுரத்தொகுதிக்கு, தாவ வைப்பது) ஆறு துளைகளும் கட்டைவிரல் துளையும் மூடியிருக்கும். சுண்டுவிரல் கீ எதுவும் வேண்டாம். அங்கிருந்து மேல் சி வரைக்கும் வலது மோதிர விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே போனால் போதும். மேல் சி-யில் மிஞ்சுவது கட்டைவிரலும் ரெஜிஸ்டர் கீயும்தான். கீ என்றால் திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும்; பாதி நிலையில் அதை நிறுத்துவது கஷ்டம். விரல் நேராக மூடும் துளையைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனாலும் படிகள் போகவில்லை. அப்புறம்தான் தொண்டைக்கு வந்தேன்.

மூன்றாம் வாரம் கிளாரினெட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு மவுத்பீஸை மட்டும் எடுத்து ஊதினேன். முதலில் ஒரே உயரத்தில் நிலையாக ஒரு சத்தம். அதை உதட்டைத் தளர்த்தாமல், நாக்கை மட்டும் 'ஈ' சொல்லும் இடத்திலிருந்து 'ஓ' சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கீழே இறக்க வேண்டும். 'ஈ' சொல்லும்போது நாக்கு அண்ணத்துக்குப் பக்கத்தில் உயர்ந்திருக்கும். 'ஓ' என்னும்போது இறங்கிப் பின்னால் போகும். முதல் நாலு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்தாம் நாள் சத்தம் தானாக வளைந்து கீழே போனது. மறுபடி செய்தேன், மறுபடியும் போனது. அந்தப் பயிற்சியை இன்றுவரை விடவில்லை.

இதன் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு ரொம்ப உதவியது. மவுத்பீஸில் கட்டியிருக்கும் மெல்லிய நாணல் தகடுதான் ரீட். அது அதிர்வது பொதுவாகக் குழாயின் ஒத்ததிர்வுக்கு, அதாவது குழாய் இயல்பாக அதிரும் சுரத்துக்கு, கட்டுப்பட்டு நடக்கிறது. ஆனால் ரீடின் மறுபக்கத்தில் நம் வாயும் தொண்டையும் இன்னொரு குழாயாக இருக்கின்றன. சாதாரணமாக வாசிக்கும்போது அந்தக் குழாய்க்கு அவ்வளவு செல்வாக்குக் கிடையாது. நாக்கைச் சரியான இடத்தில் வைத்து அதன் ஒத்ததிர்வைச் சுரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ரீட் அதன் பின்னால் போக ஆரம்பிக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாசிப்பவரின் வாய்க்குள்ளேயே இதை அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். கைதேர்ந்தவர் கிளிசாண்டோ வாசிக்கும்போது வாயின் ஒத்ததிர்வும் சுரமும் சேர்ந்தே நகர்கின்றன. கீழ்ச் சுரங்களில் குழாயின் பிடி வலுவானது, அங்கே வாயால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மேலே போகப் போகத்தான் வாய்க்கு வழி கிடைக்கிறது.

இன்னொன்று, வாயால் சுரத்தைக் கீழே நிறைய இழுக்கலாம். மேலே தள்ளுவது மிகக் கொஞ்சம். மேலே ஏறும் கிளிசாண்டோவுக்கு இது எப்படி உதவும் என்று ரெண்டு நாள் குழம்பினேன். விடை எளிது. விரல்கள் சுரத்தை மேலே கொண்டுபோகும்; தொண்டை அதைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும்; பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காதில் விழும் அந்த ஏற்றம் பிடியை விடுகிற சத்தம்தான்.

அதனால் நாலாவது, ஐந்தாவது வாரங்களில் ஏறுவதையே மறந்துவிட்டு இறக்க மட்டும் பழகினேன். மேல் சி-யை ஊதி, விரலை அசைக்காமல், எவ்வளவு கீழே இழுக்க முடியும் என்று ட்யூனரில் பார்ப்பது. முதல் நாள் 20 சென்ட் இறங்கியது. 100 சென்ட் சேர்ந்தால்தான் ஒரு அரைச்சுரம். நாலாம் வாரக் கடைசியில் அரைச்சுரம் வந்தது. ஐந்தாம் வாரம் முடிவதற்குள் மூன்று அரைச்சுரம். அளவுக்கு மீறி இழுத்தால் சுரம் உடைந்து கீழ் ரெஜிஸ்டருக்கு விழுந்துவிடும். அந்த விளிம்பு எங்கே என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பலமுறை விழுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் வாரம் தாடையில் வலி. ஆர்வத்தில் கீழ் உதட்டைப் பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று நாள் வாத்தியத்தைத் தொடவில்லை. திரும்பி வந்ததும் 3-ஆம் எண் ரீடை எடுத்துவிட்டு இரண்டரை போட்டேன். பெரிய நிம்மதி. கற்கும் காலத்தில் மெல்லிய ரீட்தான் நல்லது என்பது என் முடிவு.

எட்டாம் வாரம் விரலையும் தொண்டையையும் சேர்த்தேன். டி-யை ஊதி, நாக்கை இறக்கி, காற்றைக் குறைக்காமல், விரல்களை உள்ளங்கைப் பக்கமாக உருட்டி விலக்க வேண்டும். காற்றைக் குறைக்காமல் இருப்பதுதான் இதில் கடினம். நாக்கு தளர்ந்தால் வயிறும் கூடவே தளரப் பார்க்கிறது. முதல் ஐந்தாறு நாட்களுக்கு ஜி-யிலிருந்து சி வரைக்கும் மட்டும், அதாவது இடது கை விரல்கள் மட்டும். அது வழுக்க ஆரம்பித்த பிறகு வலது கையைச் சேர்த்தேன். விரல்கள் தொண்டையை முந்திக்கொண்டு ஓடினால் படி மறுபடி கேட்கும். விரல் சீக்கிரமே மேல் சி-க்குப் போய்விட்டாலும் பரவாயில்லை, தொண்டை பின்னால் நின்று நிதானமாக விட வேண்டும்.

பத்தாம் வாரம் கீழ் ஜி-யில் ட்ரில், சுரவரிசை, வழுக்கல் எல்லாவற்றையும் கோத்தேன். ட்ரிலுக்கு வலது மோதிர விரல் மட்டும் போதும் என்பதால் கை அதிகம் களைக்கவில்லை. சுரவரிசையிலிருந்து டி-க்கு வந்து வழுக்கலுக்கு மாறும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு. டி-க்கு ரெண்டு சுரம் முன்னாலேயே நாக்கை இறக்கத் தொடங்கியதும் அது அவிழ்ந்தது.

இது பதினோராம் வாரம். நேற்று 3-ஆம் எண் ரீடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கனமாக இருந்தாலும் வருகிறது. பத்து முறை வாசித்தால் ஆறு முறை டி-யிலிருந்து சி வரை படி இல்லாமல் போகிறது. மீதி நாலு முறையும் ஏ-க்கும் பி-க்கும் நடுவே, இடது கையின் நடுவிரல் விலகும் இடத்தில், ஒரு மெல்லிய படி கேட்கிறது. இந்த வாரம் அந்த ஒரு விரல்தான்.